பல்லிக்கூடமும் கார்தா ஊசியும்: ஜான்னி ரொடாரியின் கதைப் பட்டறை

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சின்ன ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் பயிற்சி கொடுக்க ஒரு நாள் போயிருந்தேன். காலையில் முதல் வேலையாக, "உங்க ஊரைப் பத்திப் பத்து வரி எழுதுங்க" என்றேன். ஒரு பையன், "எங்கள் பல்லிக்கூடம் ஏரிக்கரையில் உள்ளது" என்று எழுதியிருந்தான். ள வர வேண்டிய இடத்தில் ல. சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பைக் கலகலப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பில் அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் நான் கதை எழுதச் சொன்னபோது அந்தப் பையன் வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தான். பெயர் மட்டும் எழுதியிருந்தான், அதில் பிழை இல்லை.

ரொம்ப நாள் கழித்து இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரொடாரியின் 'கற்பனையின் இலக்கணம்' நூலைப் படிக்கும்போது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். இத்தாலியின் மிகப் பெரிய ஏரி கார்தா. இத்தாலிய மொழியில் 'லாகோ' என்றால் ஏரி. அதே ஒலியை எழுத்துக்கு நடுவே ஒரு மேற்கொம்புக் குறி போட்டு எழுதினால் 'ஊசி' என்று பொருள் மாறிவிடும். ஒரு பிள்ளை ஏரி என்று எழுத நினைத்து 'கார்தா ஊசி' என்று எழுதிவிட்டது. ரொடாரி அந்த இடத்தில் வாத்தியாருக்கு இரண்டு வழி காட்டுகிறார். ஒன்று, சிவப்புப் பென்சில். இன்னொன்று, இத்தாலி வரைபடத்தில் இருக்கும் அந்தப் பெரிய ஊசியின் வரலாற்றையும் புவியியலையும் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பார்ப்பது. நிலா அதன் முனையில் தெரியுமா, காதில் தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பது.

எனக்கு அந்தப் பையனின் வெள்ளைத் தாள்தான் ஞாபகம் வந்தது. பல்லிகள் படிக்கும் கூடம் ஒன்றை அவன் என் கையில் கொடுத்திருந்தான். நான் அதை மூடிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் இந்த மனுஷர் யார், இந்தப் பட்டறை முறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. இன்று நம்மூர்க் கோடை முகாம்களிலும் ரொடாரியின் விளையாட்டுகளை யார் கண்டுபிடித்தது என்று தெரியாமலேயே விளையாடுகிறார்கள். ஆனால் அவை முகாமுக்காகப் பிறந்தவை அல்ல.

ரொடாரி 1920இல் வட இத்தாலியில் ஓர்த்தா ஏரிக்கரையில் உள்ள ஒமேஞ்ஞா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ரொட்டி சுடுபவர். ஒரு புயல் மழையில், தேங்கிய தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்ட பூனைக்குட்டியைக் காப்பாற்ற அவர் வெளியே போனார். தொப்பலாக நனைந்து வந்து அடுப்பில் முதுகைக் காய்ச்சிக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில் நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டார். பெனிசிலின் இல்லாத காலம். அப்பாவைப் பற்றித் தனக்கு மிஞ்சிய கடைசிச் சித்திரம் இதுதான் என்று ரொடாரி எழுதுகிறார். அம்மாவின் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். பாதிரியார் ஆவதற்கான பள்ளியில் சில வருஷம் படித்தார், அது ஒத்துவரவில்லை. 1937இல் ஆசிரியர் படிப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மஜ்ஜோரே ஏரிக்கு அருகே குன்றின் மேல் ஒரு பண்ணை வீடு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பம் ஒன்று அங்கே தங்கியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லிக் கொடுக்க ரொடாரிக்கு வேலை கிடைத்தது. காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை பாடம். மற்ற நேரம் காட்டில் நடப்பதும் வாசிப்பதும். அந்த நாட்களில்தான் ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸின் ஒரு துணுக்கு அவர் கண்ணில் பட்டது. தர்க்கத்துக்கு ஒரு சாத்திரம் இருப்பது போலக் கற்பனைக்கும் ஒன்று இருந்திருந்தால், புதிதாகப் புனையும் கலையும் நமக்கு வசப்பட்டிருக்கும் என்பது அதன் சாரம். ரொடாரிக்கு வயது பதினேழு. பின்னர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அதற்குக் 'கற்பனை இயல் குறிப்பேடு' என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

அந்த வேலை நிலைக்கவில்லை. 1938 இலையுதிர் காலத்தில் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தன. இத்தாலியில் அடைக்கலம் கிடைத்துவிட்டது என்று நம்பிய அந்தக் குடும்பம் மறுபடி வேறு நாடு தேட வேண்டியதாயிற்று. கதை சொல்லும் வித்தையைப் பற்றிய முதல் பொறி, நாடு இல்லாமல் போகப்போகிற சில பிள்ளைகளுக்கு மொழி கற்பித்த நாட்களில் கிடைத்தது. அவர் பின்னாளில் எழுதிய வேடிக்கைக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடு ஞாபகத்துக்கு வரும்.

பிறகு தொடக்கப் பள்ளி வாத்தியார் வேலை. தான் ஒரு மோசமான ஆசிரியராகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் பசங்களுக்குச் சலிப்பு வந்திருக்காது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். அங்கே அவர் விளையாடிய ஒரு விளையாட்டு இது: கரும்பலகையின் முன்பக்கம் ஒரு பிள்ளை ஒரு சொல்லை எழுதும். பின்பக்கம், யாருக்கும் தெரியாமல், இன்னொரு பிள்ளை வேறொரு சொல்லை எழுதும். பிறகு பலகையைத் திருப்பிக் காட்டினால் இரண்டு சொல்லும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. 'குதிரை - நாய்' என்றால் பிரயோஜனமில்லை, இரண்டும் ஒரே குடும்பம். 'நாய் - அலமாரி' என்றால் மனசு திடுக்கிடும். அந்தத் திடுக்கிடலில் கதை பிறக்கும் என்பது அவர் கட்சி.

அதை எப்படித் தொடங்குவது? இத்தாலிய மொழியில் நடுவே வெவ்வேறு இடைச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். நமக்கு அது இன்னும் சுலபம், வேற்றுமை உருபு இருக்கிறதே! நாயோடு அலமாரி: தெருவில் ஒரு நாய் முதுகில் அலமாரியைச் சுமந்துகொண்டு போகிறது, அதுதான் அதன் வீடு. நாயின் அலமாரி: அதில் என்ன மடித்து வைத்திருக்கும்? அலமாரிக்குள் நாய்: இரவு சட்டை எடுக்கத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எட்டு வேற்றுமையையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்ன எங்க தமிழய்யா இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று சொல்லவே இல்லை.

போர் வந்தது. 1944இல் ரொடாரி இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். போருக்குப் பிறகு 1947இல் மிலான் நகரில் கட்சி நாளேடான 'லூனித்தா'வில் பத்திரிகையாளர். அங்கே குழந்தைகளுக்கான பகுதிக்கு எழுதச் சொன்னார்கள், எழுதினார். அவர் குழந்தை எழுத்தாளர் ஆனது இப்படித்தான். 1951இல் வெங்காயச் சிறுவன் சிப்பொல்லீனோவின் கதை வந்தது. சொந்த நாட்டைவிடச் சோவியத் நாட்டில் அது பெரிய புகழ் பெற்றது.

இங்கே அன்றைய இத்தாலியப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் மீதி புரியாது. 1951 கணக்கெடுப்பில் சுமார் 13 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரும்பாலான ஏழை வீடுகளில் பேசியது வட்டார மொழி, பள்ளியில் மட்டும்தான் 'நல்ல' இத்தாலிய மொழி. பதினோரு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள்: லத்தீன் படித்து மேலே போகிறவர்கள் ஒரு பக்கம், சீக்கிரம் வேலைக்குப் போகிறவர்கள் மறு பக்கம். எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் 1962 டிசம்பரில்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எழுத்துப்பிழை என்பது வெறும் பிழை இல்லை. நீ எந்த வீட்டிலிருந்து வருகிறாய் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

இதை எதிர்த்து வகுப்பறைக்குள்ளேயே வேலை செய்த ஆசிரியர்கள் இருந்தார்கள். பிரான்சில் செலஸ்தீன் ஃப்ரெனே பிள்ளைகளின் சொந்த எழுத்தைப் பள்ளியிலேயே அச்சுக் கோத்து அச்சிடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். அவர் வழியில் 1951இல் இத்தாலிய ஆசிரியர்களின் கூட்டுறவு இயக்கம் ஒன்று தொடங்கியது. அதைச் சேர்ந்த மாரியோ லோடி ஒரு கிராமத்துப் பள்ளியில் தன் மாணவர்களோடு சேர்ந்து எழுதிய 'சிப்பி' என்ற சிட்டுக்குருவிக் கதை 1961இல் நூலாக வந்தது. பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் பாதிரியார் மிலானியின் மாணவர்கள் கூட்டாக எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வந்து நாட்டையே உலுக்கியது. பிள்ளைகளை எழுத வைப்பது அன்றைக்கு ஒரு பொழுதுபோக்கு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ரொடாரி இந்த ஆசிரியர்களிடம்தான் போனார். ரோம் நகரின் விளிம்பில் த்ருல்லோ என்று ஒரு குடியிருப்பு உண்டு. முசோலினி காலத்தில் கட்டிய ஏழைகளின் பகுதி. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி, பினோக்கியோவை எழுதிய கொலோடியின் பெயரில். 1964இல் அங்கே ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மரியா லூயிசா பிஜியரெத்தி. அந்த வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பேசிப் பேசி உருவான கதைதான் 1966இல் நூலாக வந்த 'வானத்தில் ஒரு கேக்'. த்ருல்லோவின் வானத்தில் பிரம்மாண்டமான ஒரு பொருள் வந்து இறங்குகிறது. பெரியவர்களுக்கு அது செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பு, ராணுவத்தைக் கூப்பிடுகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்த பிள்ளைகளுக்கு அது கேக். அணுகுண்டுச் சோதனை ஒன்று தப்பாகிப்போய்க் கேக் ஆகிவிட்டிருந்தது. பிழையிலிருந்து பிறந்த நன்மை, மறுபடியும்.

நூலின் முகப்பில் அந்தப் பள்ளியையும் வகுப்பையும் ஆசிரியையையும் குறிப்பிட்டு நன்றி சொல்லியிருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போவது நம்மிடம் இருப்பதைக் கொடுக்க. அவர் போனது தன் கதை ஓடுமா என்று பார்க்க, ஓடாத இடத்தைப் பிள்ளைகளிடம் கேட்க. 1969-70இல் இத்தாலிய வானொலியிலும் இதையே செய்தார். கதையை முடிக்காமல் விட்டு, மூன்று முடிவுகள் வைத்து, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். 1971இல் அவை மூன்று முடிவுகளோடே புத்தகமாயின.

பிழைக்குத் திரும்பி வருவோம். 1964இல் அவர் 'பிழைகளின் புத்தகம்' என்று ஒன்று வெளியிட்டார். அதில் பேராசிரியர் கிரமாத்திகுஸ் என்று ஒரு பாத்திரம், காணும் பிழையையெல்லாம் திருத்திக்கொண்டே ஊர் சுற்றுபவர். ஒரு கதையில் அவர் ரயிலில் போகிறார். பெட்டியில் தென் இத்தாலியத் தொழிலாளர்கள். 1955இல் மேற்கு ஜெர்மனியோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அங்கே கூலி வேலைக்குப் போனவர்களில் சிலர். 'போனேன்' என்பதற்கு அவர்கள் தப்பான துணைவினையைப் போட்டுப் பேசுகிறார்கள். பேராசிரியருக்குக் காது கூசுகிறது, திருத்துகிறார். அவர்கள் கோபப்படவில்லை. தாங்கள் போன கதையைச் சொல்கிறார்கள், என்ன பாடுபட்டோம் என்று சொல்கிறார்கள். கேட்கக் கேட்கப் பேராசிரியருக்கு உறைக்கிறது: வினைச்சொல்லில் பிழை தேடிக்கொண்டிருந்தோமே, பெரிய பிழை இந்த மனுஷர்கள் ஊரை விட்டுப் போக வேண்டி வந்ததில் அல்லவா இருக்கிறது! இரண்டு மூன்று பக்கக் கதைதான். சிவப்பு மை வைத்திருக்கும் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை படிக்க வேண்டிய கதை.

1970இல் ரொடாரிக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, 1972 மார்ச் 6 முதல் 10 வரை, ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி அவரை அழைத்தது. இந்த ஊரைப் பற்றி ஒரு வரி: 1945இல் போர் முடிந்த கையோடு, ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில், பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் கையாலேயே மழலையர் பள்ளி கட்டிய வட்டாரம் அது. அதைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி பின்னாளில் அந்த நகராட்சிப் பள்ளிகளின் மூளையாக இருந்தார்.

அங்கே ரொடாரி ஐந்து நாள் பேசியது ஏறத்தாழ ஐம்பது ஆசிரியர்களோடு. மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மூன்றிலிருந்தும் வந்தவர்கள். நகரத்துச் சுவர்களில் 'கற்பனை இயலோடு சந்திப்புகள்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்களாம். தன் நோட்டுப் புத்தகத்துக்கு வைத்த சொல்லை முப்பத்து நான்கு வருஷம் கழித்து ஊர்ச் சுவரில் பார்த்த சந்தோஷத்தை அவர் மறக்காமல் எழுதியிருக்கிறார். தன் வாழ்க்கையின் மிக அழகான வாரங்களில் அது ஒன்று என்றும் சொல்கிறார். அந்த வாரத்துப் பேச்சுதான் 1973இல் 'கற்பனையின் இலக்கணம்' ஆனது. நூல் அந்த நகரத்துக்கே சமர்ப்பணம்.

புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளரைக் கூப்பிட்டுவிட்டு ஏன் ஆசிரியர்களோடு உட்கார வைத்தார்கள்? என் ஊகம் இது. எழுத்தாளர் ஒரு நாள் வருவார், கைதட்டல் வாங்குவார், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். மறுநாள் அந்த வகுப்புக்குள் நுழைகிறவர் ஆசிரியர். கருவி அவர் கையில் இருந்தால்தான் திங்கட்கிழமையும் வேலை நடக்கும். ரொடாரி தன் தொழில் ரகசியம் மொத்தத்தையும் அவர்களிடம் ஒப்படைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என்னென்ன கொடுத்தார்? 'இப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வி. தெரிந்த கதையின் நடுவே ஒரு அந்நியச் சொல்லைப் போடுவது: சிறுமி, காடு, பூ, ஓநாய், பாட்டி என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென ஹெலிகாப்டர் என்றால் சிவப்புத் தொப்பிக்காரி கதை என்ன ஆகும்? ரஷ்ய அறிஞர் விளதீமிர் பிராப் நாட்டார் கதைகளில் கண்ட 31 செயல்களை 20 ஆகச் சுருக்கிச் சீட்டுக்கட்டாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். சொல்லுக்கு முன்னால் எழுத்தைச் சேர்ப்பது இன்னொன்று. இத்தாலிய மொழியில் 'ஸ்' என்ற ஒலியை முன்னால் போட்டால் பல சொற்களில் பொருள் தலைகீழாகிவிடும். பீரங்கிக்கு முன்னால் அதைச் சேர்த்தால் போரைக் கலைக்கும் பீரங்கி. கோட்டு மாட்டும் கொக்கியோடு சேர்த்தால், தேவைப்பட்டவர் கோட்டை எடுத்துக்கொள்வதற்கான கொக்கி, காசு வேண்டாம். விளையாட்டு மாதிரி ஆரம்பிக்கிறது, கடைசியில் பார்த்தால் குளிரில் கோட்டு இல்லாதவனிடம் வந்து நிற்கிறது.

இந்த இடத்தைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்கிறோம், கோட்டு இல்லாதவனை விட்டுவிடுகிறோம். எல்லாப் பிள்ளைகளையும் எழுத்தாளர் ஆக்குவது அவர் எண்ணமே இல்லை. சொல்லை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கப் பழகியவனை யாரும் லேசில் ஏய்க்க முடியாது, அந்தப் பழக்கம் சிலரின் சொத்தாக இருக்கக் கூடாது என்ற கணக்கு அது. அவருடைய அரசியல் முழுக்க அதற்குள் இருக்கிறது.

"அப்போ பிழையைத் திருத்தவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், ஏரி எது ஊசி எது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் கார்தா ஊசி வேடிக்கையாக இருக்கும். வேடிக்கை புரிந்த நிமிஷத்திலேயே சரியான எழுத்தும் மனசில் பதிந்துவிடுகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: சிரிப்பு ஊசியைப் பார்த்து வர வேண்டும், எழுதிய பிள்ளையைப் பார்த்து வரக் கூடாது. நான் அன்றைக்குச் செய்தது இரண்டாவது.

ரொடாரி 1980 ஏப்ரலில் ரோமில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை.

போன வருஷம் வேறொரு ஊரில் ஆறாம் வகுப்பு. போர்டில் 'பல்லிக்கூடம்' என்று நானே எழுதினேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருத்தி, "சார், அங்கே சுவர்லதான் உக்காரணுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வால் அறுந்துபோனால் லீவு உண்டு, முளைக்கிற வரைக்கும். ஹெச்.எம். உத்தரத்தில் இருப்பார், 'உச்' கொட்டினால் ஆஜர். டியூப்லைட் பக்கம்தான் சத்துணவு. கதை முடிந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "நம்ம பள்ளிக்கூடத்துக்கு எந்த ள சார்?" என்றான். பத்துப் பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஊரில் பார்த்த அந்தப் பையன் இப்போது கல்லூரியில் இருக்க வேண்டும்.